குடிவந்த நாள் கணக்கு

ஐம்பதுகளின் கடைசியில், கொடைக்கானலில் சீசனுக்கு வாடகைக்கு விடும் பங்களாக்களுக்கு நான் கணக்குப்பிள்ளை. என் பொறுப்பில் பதினாறு பங்களாக்கள், அறுபத்திரண்டு சாவிகள். ஒப்பந்தம் என்றைக்கு எழுதினாலும், ஆட்கள் குடிவந்த நாளிலிருந்துதான் வாடகை நாளை எண்ணுவோம். அந்தப் பழக்கம்தான் என் தங்கையை மாட்டிவிட்டது.

அவள் சிலோனில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளையோடு அவளும் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டாள். அதனால், படுத்துவிட்ட அம்மாவைப் பார்க்கக் கொடைக்கானலை ஒட்டிய எங்கள் செண்பகனூருக்கு வர, பிறந்த மலைக்கே மூன்று மாத விசா வாங்க வேண்டியிருந்தது. நாலு வயது மகனை அங்கே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அண்ணே, நாள சரியாப் பாத்தியா?" என்று வாரம் ஒரு தடவை கேட்பாள்.

"நாள் எண்ணுறதுதானே புள்ள என் சோலி. நீ அம்மாவக் கவனி."

தனுஷ்கோடியில் அவள் இறங்கிய நாளிலிருந்து எண்ணி, காலண்டரில் கடைசி நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தேன். அதற்கு எட்டு நாள் இருக்கையில், பயணச் சீட்டு எடுப்பதற்காகப் பாஸ்போர்ட்டைப் பிரித்தேன். விசா வழங்கிய தேதியிலிருந்து மூன்று மாதம் என்று ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தது. விசா வாங்கிப் பத்தொன்பது நாள் கழித்துத்தான் அவள் கப்பலேறியிருந்தாள். கெடு முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, நீ அந்தப் பூண்டு யாவாரி மகதானே? ஒன்னயப் போயி ஃபாரினர்னு எழுதச் சொல்லுது இந்த ஃபாரம்!"

அவள் சிரித்தாள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பாஸ்போர்ட்டை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டார். மதுரையில் இருக்கும் மேலதிகாரிகளுக்கு எழுத வேண்டும், பதில் வரும்வரை தினமும் வந்து கையெழுத்துப் போட வேண்டும், வழக்குப் போட்டால் ஜெயில்கூட உண்டு என்றார்.

"பதில் வர எத்தன நாளாகும்ங்க?" என்றேன்.

"நீர்தான் கணக்குப்பிள்ளையாச்சே, எண்ணிக்கிட்டிரும். சரி, இது யாரு தப்பு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "நாந்தாங்க தேதிய மறந்துட்டேன்."

வெளியே வந்ததும் அவளைக் கடிந்துகொண்டேன். "சும்மா இரு அண்ணே. நாளு தப்பா எண்ணுற ஆள பங்களாக்காரவுக வச்சுக்கிருவாகளா? என்னைய என்ன, ஊருக்குத்தானே அனுப்பப் போறாக" என்றாள். திரும்பி உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாசலிலிருந்து மேசைக்குப் பதினான்கு அடிதான். போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து, அவள் எழுதுவதுபோல் மன்னிப்பு மனுவை நானே எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

இருபத்துமூன்று நாள் வெள்ளனே பஸ் ஏறிப் போய்க் கையெழுத்திட்டாள். பஸ் சத்தம் கேட்டாலே மகன் ரோட்டுக்கு ஓடுகிறான் என்று மாப்பிள்ளை கடிதம் எழுதினார். அதன்பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "என்னைய மறந்துருவானோ அண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் பதில் வந்தது: வழக்கு இல்லை, ஏழு நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும். மூன்றாம் நாளே போய்விட்டாள்.

இரண்டு வருடம் கழித்து அம்மாவுக்கு மறுபடி முடியாமல் போனது. தங்கை விசாவுக்கு விண்ணப்பித்தாள். முன்பு கெடு மீறித் தங்கியதை அவளே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

"அவ வர இன்னும் எத்தன நாளுடா?" என்று அம்மா கேட்டாள்.

"பத்து நாள்ம்மா. வெரசா வந்துருவா."

மறுநாள் கேட்டபோது ஒன்பது என்றேன். நான்கு என்று சொன்ன நாளில் அம்மா இறந்துபோனாள்.

அந்த மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது. அதில் 'என் தவறு', 'என் மறதி' என்று 'என்' என்ற சொல் ஐந்து இடத்தில் வருகிறது. ஐந்தும் என் கையெழுத்தில் இருக்கின்றன. கீழே போட்ட கையெழுத்து மட்டும் அவளுடையது.