அக்கா அனுப்பிய கிரான்பெரிச் சாறு

கணவர் இறந்து ஏழாவது மாதத்தில் எனக்கு மூன்றாவது தடவையாகச் சலக்கடுப்பு வந்தது. முதல் இரண்டு முறையும் மருந்து எடுத்தேன், ஆறியது, திரும்ப வந்தது. சிறுநீர் போகும்போது எரிந்த அந்த எரிவைக்கூட வேறு யாருக்கோ நடப்பது போலத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கனடாவில் இருக்கும் அக்கா விடவில்லை. மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு ஊர் வந்த தன் தோழியிடம் மூன்று போத்தல் கிரான்பெரிச் சாறு கொடுத்தனுப்பினாள். "காலையில ஒரு கிளாஸ் குடி புள்ள. இஞ்ச எல்லாரும் இதுக்கு இதத்தான் குடிக்கிறாங்க" என்றாள் போனில். குடித்தேன். புளித்தது, துவர்த்தது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஆறேகால் பஸ்ஸுக்குப் போவேன்.

நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் கரடியனாற்றுக்கு அப்பால். அங்கே பெண்களுக்கு இருந்த ஒரே கழிவறையின் கதவுக்குக் கொண்டி இல்லை. அதனால் காலையில் அந்தச் சாறு குடிப்பதோடு சரி. மூன்று மணிக்கு வீடு திரும்பும் வரை ஒரு மிடறு தண்ணீர் குடிக்க மாட்டேன்.

ஒரு புதன்கிழமை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றபோது உடம்பு நடுங்கத் தொடங்கியது. விலாவின் பின்பக்கம் குத்தியது. பக்கத்து வகுப்பில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்த டீச்சர் ஓடிவந்து நெற்றியைத் தொட்டார். "நெருப்பாக் கொதிக்குது டீச்சர்!" ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரி வரை என் தோளை விடாமல் வந்தார்.

டொக்டர் ஓர் இளம்பெண். சலத்தைச் சோதித்துவிட்டு, கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்றார்.

"நான் கிரான்பெரி குடிக்கிறனான், டொக்டர்."

"குடியுங்க, பிழையில்ல. அடிக்கடி வாற ஆக்களுக்குத் திரும்ப வாறதக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனா வந்த கிருமிய அது சுகப்படுத்தாது. தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?"

நான் டீச்சரைத் திரும்பிப் பார்த்தேன்.

"சலத்த அடக்குறீங்களா?"

"பள்ளிக்கூடத்துக் கதவுக்குக் கொண்டி இல்ல" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். பக்கத்தில் நின்ற விஞ்ஞான டீச்சர் மெதுவாக, "நானும் அங்க தண்ணி குடிக்கிறல்ல, டொக்டர். பெரிய பொம்பிளப் புள்ளைகளும் குடிக்கிறல்ல" என்றார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அந்தப் பிள்ளைகளுக்குப் படம் கீறிக் காட்டுகிறவர் அவர்தான்.

ஐந்து நாள் வார்ட்டில் கிடந்தேன். பக்கத்துக் கட்டில் பெண் கணவர் வரவில்லையா என்று கேட்டாள். செத்துட்டார் என்று, யாரோ நேரம் கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னேன்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனபோது கதவில் புதுக் கொண்டி இருந்தது. விஞ்ஞான டீச்சர் அதிபரிடம் கேட்டாராம். "பாப்பம்" என்றாராம் அதிபர். அடுத்த நாளே டீச்சர் வீட்டிலிருந்து ஸ்குரூட்ரைவர் கொண்டுவந்து தானே கொண்டியைப் பொருத்திவிட்டார். இடைவேளையில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். நல்ல காரியம் என்று எனக்குத் தெரிந்தது. உள்ளே மட்டும் ஒன்றும் அசையவில்லை. தாகமும் எடுப்பதில்லை. பாடம் மாறும் மணி அடிக்கும்போதெல்லாம் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்தேன்.

அதன் பிறகு சலக்கடுப்பு வரவில்லை. தண்ணீரா சாறா, எது உதவியது என்று எனக்குத் தெரியாது. சாறு முடிந்தது. இன்னும் அனுப்பவா என்று அக்கா கேட்டாள்.

"வேணாம் அக்கா. நீங்க ஒருக்கா வாங்க."

செத்தவீட்டுக்கு அவளால் வர முடியவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. "மார்கழியில வாறன்" என்றாள்.

சரி என்றேன். போனை வைத்துவிட்டு, கணவரின் உடலைக் கிடத்திய நாளிலிருந்து பூட்டியே வைத்திருந்த முன்னறையைத் திறந்து கூட்டினேன்.