படுக்கவைத்த கோபுரம்

நான் கட்டிய நகரத்துக்கு முதலில் குடிவந்தது ஒரு கிண்ணம் கடலைச் சுண்டல். கண்காட்சி தொடங்கிய மறுநாள் மாலை நான் காபி குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் யாரோ அதை இரண்டாம் படியில், பொது நூலகத்துக்கும் குளத்துக்கும் நடுவே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தேங்காய்த் துருவல் போட்டு, பச்சை மிளகாய் கிள்ளிப்போட்டு, நன்றாகத்தான் இருந்தது. வந்த கோபத்தில் முழுவதையும் நானே தின்று தீர்த்தேன்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டம் என்ற ஊரில் என் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். கல்லூரி முடித்த நாளிலிருந்து அங்கே அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறேன். ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வாடகைக்கு எடுத்து, பால்கனியில் துணி காயப்போட்டு, கொஞ்ச நாளில் பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுவார்கள். அந்த வீடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதுதான் என் தொழில். போன வருஷம் அது எனக்கு ஒரேயடியாக அலுத்துப்போனது. சம்பளமில்லா விடுப்பு எழுதிக்கொடுத்து, மண்ணில் ஒரு நகரம் செய்யப்போகிறேன் என்றேன். "மாடலா? கிளையன்ட் யாரு?" என்று மேனேஜர் கேட்டார். கிளையன்ட் யாரும் இல்லை என்றதும் அவருக்கு என் உடம்பைப் பற்றிக் கவலை வந்துவிட்டது.

நகரத்துக்கான யோசனை பொன்முடியில் பிறந்தது. ஒருமுறை பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு நேரம் கிடந்ததால், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள் பக்கம் நடந்தேன். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள். எதிரே முழுப் பள்ளத்தாக்கும் மேகமும் விரிந்து கிடக்கிறது. அந்தப் பக்கம் பார்த்து ஓர் அறைக்குக்கூட ஜன்னல் இல்லை. கட்டியவர்களுக்கு அது தோன்றவே இல்லை. அத்தனை ஜன்னல்கள் வரைந்திருக்கிறேனே, அவற்றில் எதிலிருந்தாவது பக்கத்துக் கட்டடத்தின் ஏ.சி. பெட்டியைத் தவிர ஏதாவது தெரியுமா என்று யோசித்துக்கொண்டே வளைவு வளைவாக மலையிறங்கி வந்தேன்.

அதனால் என் ஊரில் எல்லா வீட்டிலிருந்தும் மலை தெரியும். மதில் கிடையாது. ஓடை போகும் வழியில் வீடு வராது. மரம் நிற்கிற இடத்தில் வீடுதான் வளைந்து போகும். சமையலறை எல்லோருக்கும் பொது, நூலகமும் பொது. மலைச்சரிவை ஏழு படிகளாகக் களிமண்ணில் செய்தேன். தேயிலைப் பச்சைக்குக் கேழ்வரகை முளைக்கவிட்டேன். குளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு. நடுப்படியில் ஒரு கோபுரம்: என் இடுப்புயரம், மூங்கில் பிளாச்சில் பின்னி மேலே மண் பூசியது, தளத்துக்கு ஒன்றாக ஒரு பக்கம் முழுக்க ஜன்னல்கள். 'இதன் உச்சியிலிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் தெரியும்' என்று அறிமுகக் குறிப்பில் எழுதியிருந்தேன். யார் பார்ப்பார்கள் என்று எழுதவில்லை. அது எனக்கே தெரியாது.

கண்காட்சிக்குக் கிடைத்த இடம் திருவனந்தபுரத்தின் பழைய கோட்டைக்குள் ஓர் அக்கிரகாரத் தெருவில் பூட்டிக்கிடந்த வீடு. சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். சாவி பக்கத்து வீட்டில். ஏற்பாடு செய்தவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், இங்கே ஓவியம் படித்துவிட்டு இங்கேயே தங்கிவிட்டவர். பூஜை விடுமுறையில் வைத்தால் கூட்டம் வரும் என்று அவர்தான் தேதி குறித்தார்.

கூட்டம் வந்தது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தது. நின்று பாட்டுப் பாடியது. "இந்த வருஷம் இந்த வீட்டுலயும் வச்சுட்டா, பாத்தேளா" என்று சந்தோஷப்பட்டது.

ஒற்றைப்படையில் படிகள், முளைவிட்ட பச்சை, கண்ணாடிக் குளம், அக்கிரகாரத்துக் கூடம், நவராத்திரி. திருவனந்தபுரத்திலேயே இதைக் கொலு என்று கண்டுபிடிக்காத ஒரே ஆள் நான்தான். என் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து தம்பானூரில் ஹோட்டல் நடத்தியவர். எங்களுக்கு நவராத்திரி என்றால் ரயிலடிக் கூட்டமும் கூடுதலாக ஆட்ட வேண்டிய மாவும். கொலு என்ற ஒன்று இருப்பது தெரியுமே தவிர, யாரும் எங்களை அழைத்ததில்லை, நாங்களும் போனதில்லை.

"உங்களுக்காவது தெரியாதா?" என்று ஏற்பாட்டாளரிடம் சீறினேன்.

"தெரியும்க்கா. சொல்லலாம்னுதான் இருந்தேன். பொறவு, ஆளு வருதுல்லா, வரட்டும்னு விட்டுட்டேன்" என்றார்.

தினமும் சாயங்காலம் கோபுரத்தின் தலையில் யாராவது குங்குமம் வைத்தார்கள். தினமும் காலையில் நான் ஈரத்துணியால் துடைத்தேன். சுண்டலுக்கு எறும்பு வந்தது. பொது நூலகம் முழுக்க எறும்பு.

சாவி வைத்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி தவறாமல் வருவாள். வங்கியில் வேலை, என்னைவிட இரண்டு வயது சின்னவள். ஆனாலும் தெருவில் எல்லோரும் மாமி என்பதால் நானும் மாமி என்றே கூப்பிட்டேன். அவளுக்கு நான் மேடம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, குனிந்து கோபுரத்தின் ஜன்னல் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தாள்.

"உள்ள எந்த ஸ்வாமி இருக்கார் மேடம்?"

"ஸ்வாமி இல்ல மாமி. இது கொலு இல்ல, ஆர்ட் வொர்க்காக்கும். உள்ள யாரும் இல்ல."

"யாருமே இல்லாததுக்கா இத்தனை ஒசரம்?"

"அங்கேருந்து பாத்தா ஊர் முழுக்கத் தெரியும்."

"யாரு பாக்கப்போறா?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு எறும்புப் பொடி தூவப் போய்விட்டேன். அதற்குப் பிறகு கோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ உறுத்தியது. வீடுகளையும் ஓடையையும் பார்த்தால் வராத சங்கடம் அதைப் பார்த்தால் வந்தது. ஆனால் எடுத்துவிடவும் முடியவில்லை. எடுத்தால் நடுவில் பெரிய ஓட்டை விழும். அதோடு, செய்ய அதிக நாள் பிடித்ததும் அதுதான்.

எடுக்க நேரமும் இல்லை. கொச்சியில் நடக்கும் பெரிய கண்காட்சி ஒன்றுக்கு ஆக்கங்களைத் தேர்ந்தெடுக்கும் அம்மையார் விஜயதசமிக்கு மறுநாள் காலை வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் இன்னும் ஒரு வருஷம் இதையே செய்ய உதவித்தொகை கிடைக்கும். பிடிக்காவிட்டால் விடுப்பு முடிகிறது, திங்கட்கிழமை கழக்கூட்டம். பைபாஸை ஒட்டி இன்னொரு உயரமான கட்டடம், நான் வரைவதற்காகவே மேசையில் காத்திருப்பதாக மேனேஜர் இரண்டு தடவை ஃபோன் செய்துவிட்டார். திரும்பப் போக எனக்கு விருப்பமே இல்லை. அதை அந்த நாட்களில் வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை.

விஜயதசமியன்று வீட்டைப் பூட்டிவிட்டோம். மறுநாள் காலை முதலில் போய்க் கதவைத் திறந்தது நான்தான்.

கோபுரம் விழுந்து கிடந்தது.

வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். நடுப்படியில் நீளவாக்கில், ஒருக்களித்துக் கிடக்கிறது. பூனையா? எலியா? சுண்டல் கிடைக்காத கோபத்தில் யாராவதா? ஏற்பாட்டாளரை ஃபோனில் கூப்பிட்டு வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பக்கத்து முனையில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார் போல, நான் முடிப்பதற்குள் எதிரே வந்து நின்றார். இரண்டு பேரும் கிட்டே போய்க் குனிந்தோம்.

ஒரு விரிசல்கூட இல்லை. கீழே இருந்த கேழ்வரகு முளைகளை யாரோ கையால் ஒதுக்கிவிட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். கோபுரத்தின் உச்சிக்கு அடியில், நாலாக மடித்த ஒரு பச்சை ரவிக்கைத் துணி இருந்தது. தலையணை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அவள் தலையில் ஹெல்மெட்டோடு ஸ்கூட்டரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, கோபுரத்தைத் தள்ளினது நீங்களா?"

"தள்ளுவாளா யாராவது? படுக்க வச்சேன். அவரும் நானுமா பிடிச்சு, மெதுவா. நேத்திக்கு விஜயதசமியாச்சே மேடம். ராத்திரி ஒரு பொம்மையையாவது படுக்க வச்சுட்டுத்தானே கொலுவை முடிக்கணும். நீங்க பாட்டுக்குப் பூட்டிண்டு போயிட்டேள்."

"அது கொலு இல்லன்னு நான் எத்தனை தடவை சொல்லியாச்சு!"

"இருக்கட்டுமே. இத்தனை நாளா நின்னுண்டே இருக்கு. அதுக்கும் கால் வலிக்காதோ?"

ஸ்கூட்டர் போய்விட்டது. கொலு முடிந்த இரவில் ஒரு பொம்மையைப் படுக்கவைக்கும் வழக்கம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் இந்த ஊரிலேயே இருந்து என்ன பிரயோஜனம்!

அம்மையார் வர இன்னும் கொஞ்ச நேரம்தான். "வாங்கக்கா, நிமித்திருவோம்" என்று ஏற்பாட்டாளர் அடிப்பக்கத்தைப் பிடித்தார். நான் உச்சிப்பக்கத்தைப் பிடிக்க முழங்காலிட்டேன். கண் ஜன்னல்களுக்கு நேராக வந்தது.

பிடித்த கையை எடுத்துவிட்டேன்.

ஒன்றின் மேல் ஒன்றாக இருந்த தளங்கள் எல்லாம் இப்போது பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மேல்வீடு என்றோ கீழ்வீடு என்றோ எதுவும் இல்லை. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள், ஒவ்வொன்றுக்கும் சரிவைப் பார்த்து ஒரு ஜன்னல். பொன்முடியில் பஸ்ஸைத் தவறவிட்ட அன்றைக்கு நான் பார்த்த லயமேதான் இது, அங்கே இல்லாத ஜன்னலோடு. அதற்காகத்தானே இத்தனை பாடும்! செய்ய நினைத்தது இது, கை பழக்கத்தில் அடுக்கிவிட்டது அது. வீடு என்று நினைத்ததும் என் கை மேலே மேலேதான் போகிறது. விடுப்பு எடுத்தது நான், என் கை எடுக்கவில்லை.

"அக்கா, நேரமாச்சு" என்றார் அவர்.

"இருக்கட்டும்" என்றேன். சொன்ன மாத்திரத்தில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. பல நாளாகச் செருப்புக்குள் கிடந்த கல்லை எடுத்துப் போட்டதுபோல் இருந்தது. தேர்வு, உதவித்தொகை எல்லாம் ஒரு நிமிஷம் மறந்தே போயிற்று. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கோலத்தில்தான் அம்மையார் என்னைப் பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்தார். ஓடையைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், கடைசியில் தலையணையிடம் நின்றார். அனுப்பிவைத்த படத்தில் கோபுரம் நின்றுகொண்டிருந்ததே, படுக்கவைக்கலாம் என்று எப்போது முடிவு செய்தீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார்.

ஏற்பாட்டாளர் எனக்குப் பின்னால் தொண்டையைக் கனைத்தார். நல்லதாக ஏதாவது சொல்லுங்கள் என்று அர்த்தம். அலுவலகத்தில் கிளையன்ட்டுக்கு முன்னால் இப்படிக் கதை சொல்லி எனக்கு ரொம்பப் பழக்கம். நிமிர்ந்து நிற்கும் அதிகாரம், கிடந்து உறங்கும் சமத்துவம் என்று அரை மணி நேரம் பேச என்னால் முடியும்.

"நான் படுக்கவைக்கல" என்றேன். "பக்கத்து வீட்டு மாமி. இதைக் கொலுன்னு நினைச்சு. இன்னைக்குக் காலைல வந்து பாத்துட்டுத்தான் எனக்கே தெரிஞ்சுது, இது இப்படித்தான் இருந்திருக்கணும்னு."

அவர் முதலில் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், மறுபடி ஜன்னல்களைப் பார்த்தார். போச்சு, திங்கட்கிழமை கழக்கூட்டம் என்று மனசுக்குள் பையைக்கூட எடுத்துவைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, "நின்னிருந்தா எடுத்திருக்க மாட்டேன்" என்று தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னார். இப்படியே கொச்சிக்கு வரட்டும், அந்தத் துணியும் சேர்ந்து வர வேண்டும் என்றார்.

உயிர் போய் உயிர் வந்தது. ஏற்பாட்டாளர் "அடிபொளி!" என்று கத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். நான் அழுதேன். அம்மையார் பார்க்கக் கூடாது என்று எறும்பு கடித்த மாதிரி காலைத் தேய்த்துக்கொண்டே அழுதேன்.

சாயங்காலம் மாமி வங்கியிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். கொச்சிக்குப் போகிறது என்பதில் அவளுக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் படுத்துக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குள் போகட்டும், நடுவில் நிமிர்த்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். உள்ளே போய், தன் வீட்டுப் பொம்மைகளைச் சுற்றியது போக மிச்சமிருந்த பழைய வேட்டித் துண்டுகளை எடுத்து வந்தாள். இரண்டு பேருமாகக் கோபுரத்தைச் சுற்றினோம். ஜன்னல் மூலைகளில் மண் உதிராமல் அவள்தான் பிடித்துக்கொண்டாள். தலையில் ஒட்டியிருந்த குங்குமத்தை அன்றைக்கு நான் துடைக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஆட்டோவில் உட்கார்ந்தபடியே அலுவலகத்துக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். திங்கட்கிழமை வரமாட்டேன், இனிமேலும் வரமாட்டேன். மேனேஜரிடமிருந்து உடனே பதில் வந்தது: "ஏன்? என்ன ஆச்சு? உடம்புக்கு முடியலையா?"

கொஞ்சம் யோசித்தேன். விளக்கம் சொல்ல நினைத்தால் மலை, லயம், ஜன்னல் என்று விடியவிடிய எழுத வேண்டிவரும்.

"ஆமாம் சார்" என்று எழுதினேன். "இத்தனை வருஷமா நின்னுக்கிட்டே இருந்ததுல கால் வலி."