சூடான சிப்பு

லேப்டாப்பை ஆன் ஆக வைக்கும் சிறு சிப்புக்கு வீட்டிலேயே மறுபடி புரோகிராம் ஏற்ற, ஆன்லைனில் மலிவாக ஒரு கருவி வாங்கியிருந்தேன். என் பழைய லேப்டாப் அதனால் உயிர் பெற்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

விருத்தாசலத்தில் நான் வேலை செய்யும் பீங்கான் கம்பெனியில்தான் செல்வி அக்காவும் இருக்கிறார். அவர் மகளின் லேப்டாப் ஆன் ஆகவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு ஆன்லைன் இன்டர்வியூ. "எங்கிட்ட குடுங்கக்கா" என்று நானே கேட்டு வாங்கி வந்தேன்.

அது குறைந்த வோல்டேஜில் இயங்கும் சிப்பு. அதன்மேல் இருந்த எண்ணைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்காமலேயே, அது தாங்காத வோல்டேஜ் தரும் என் கருவியை மாட்டினேன். சற்று நேரத்தில் தொட்டால் விரல் சுட்டது. சிப்பு எரிந்துவிட்டது.

மறுநாள் அக்காவிடம், "போர்டு முன்னாடியே போயிருக்குதுக்கா, ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன்.

"பரவால்ல தம்பி, நீங்க இவ்ளோ மெனக்கெட்டதே பெருசு."

மகள் செல்போனில் இன்டர்வியூவில் உட்கார்ந்தாள். பாதியில் லைன் அறுந்து, வேலை கிடைக்கவில்லை. லேப்டாப் பழைய இரும்புக்குப் போனது.

ஒருநாள் டீ நேரத்தில் அக்கா எல்லோரிடமும் சொன்னார்: "கடைக்காரங்களா இருந்தா இழுத்தடிச்சிருப்பாங்க. தம்பி உள்ளத உள்ளபடி சொல்லிட்டாரு. உங்க வூட்டு லேப்டாப்பையும் இவருகிட்டயே குடுங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் புதுச் சிப்பு வாங்கி மாற்றியிருக்கலாம். என் லேப்டாப்பையே இன்டர்வியூவுக்குக் கொடுத்திருக்கலாம். அக்கா மன்னித்திருப்பார் என்று எனக்கு அப்போதே தெரியும். கெட்டிக்காரன் என்ற பெயரை விடத்தான் மனம் வரவில்லை.