எந்த அப்பா

கொரியப் படங்கள் வந்த பிறகுதான் எங்கள் மகள் தமிழ் கற்றுக்கொண்டாள் என்று என் கணவர் கேலி செய்வார். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. புணேயில் பிறந்து வளர்ந்தவள். நாங்கள் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் வரும். ஆனால் கொரியாவிலும் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்குத் தமிழ் மேல் திடீர் மரியாதை வந்துவிட்டது. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியக் காட்சிக்கு ஒரு கொரியப் பேய்ப் படம் பார்க்கப் போகவேண்டும் என்றாள். அவள் தும்மினாலே தெர்மாமீட்டரைத் தேடுகிறவள் நான். தனியாக அனுப்ப மனம் வராமல் கூடப் போனேன்.

மெதுவான படம். பனி கொட்டும் ஒரு மலை ஊர். தாயில்லாத சிறுமி ஒருத்தி. தகப்பன் தொலைவில் ஏதோ சுரங்கத்தில் வேலை செய்கிறான். பாதிப் படம்வரை எதுவும் நடக்கவில்லை. சிறுமி சோறு ஆக்குகிறாள், நாய்க்கு வைக்கிறாள், ஜன்னலில் பனி படிவதைப் பார்க்கிறாள். முன் வரிசைப் பையன்கள் எழுந்து போய் சமோசா வாங்கி வந்தார்கள். "பூத் கப் ஆயேகா யார்?" என்று அவர்களில் ஒருவன் கேட்டான். பேய் எப்போது வரும் என்று எனக்கும்தான் தோன்றியது. பிறகு சிறுமிக்குக் காய்ச்சல் வந்தது. படுத்தபடியே "அப்பா" என்று கூப்பிட்டாள். திரையின் கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. எனக்கு அது தேவைப்படவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். யாருமில்லாத சமையலறையிலிருந்து ஒரு குரல் பதில் சொன்னது.

அரங்கம் மூச்சடங்கிக் கிடந்தது. அப்போது பின்னாலிருந்து ஒருவர் மராத்தியில், "அரே, குணீதரி அப்பான்னா போலவா ரே" என்றார். யாராவது அந்த அப்பாவைக் கூப்பிடுங்களேன் என்று அர்த்தம். மராத்தியில் பெற்ற தகப்பனைப் பெரும்பாலும் பாபா என்பார்கள். அப்பா என்பது வயதான, மரியாதைக்குரிய மனிதருக்கு ஊரே வைக்கும் பெயர். இங்கே கட்டடத்துக்கு ஓர் அப்பா இருப்பார். அரங்கமே சிரித்தது. என் மகளும் சிரித்தாள். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பதில் சொன்னது யார் என்று படம் கடைசிவரை காட்டவில்லை. அது சிறுமியின் நெற்றியில் ஈரத்துணி போடுகிறது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. நிஜமான தகப்பன் பனியில் விழுந்து எழுந்து வீடு வந்து சேரும்போது, அவனைப் பார்த்து யார் நீங்கள் என்று கேட்கிறாள். அத்தோடு படம் முடிந்தது. பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் திட்டினார்கள். படிக்கட்டில் முன்பின் தெரியாதவர்கள்கூட அது பிசாசா, காவல் தெய்வமா என்று சண்டை போட்டுக்கொண்டு இறங்கினார்கள். காரில் உட்கார்ந்ததும் மகள் போனில் விமர்சனங்களைத் தேட ஆரம்பித்தாள்.

"அம்மா, உனக்கு என்ன தோணுது? அது கெட்டதுதானே? இல்லேன்னா அவளோட அப்பா மாதிரி ஏன் பேசணும்?"

சீட் பெல்ட்டின் கொக்கி மாட்டாமல் நழுவிக்கொண்டே இருந்தது. "அம்மா டர் கயி" என்று அவள் தன் அப்பாவுக்குச் செய்தி அனுப்பினாள். பயந்துவிட்டேனாம்.

நாங்கள் புணேயில் கட்கி ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்புக்கு வந்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். அப்பாவுக்கு ஆவடியிலிருந்து மாற்றல். அவருக்குத் தமிழும், தொழிற்சாலையில் ஒப்பேற்றும் அளவுக்கு இந்தியும் தெரியும். மராத்தி வராது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடியே நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ரேஷன் கடையிலும் தபாலாபீசிலும் நான்தான் அப்பாவுக்கு வாய். அதில் எனக்குப் பெருமை அதிகம். அப்பா சொல்லாததையும் சில நேரம் சேர்த்துச் சொல்வேன்.

தங்கைக்கு நான்கு வயது. தமிழைத் தவிர வேறெதுவும் தெரியாது. அந்த மழைக்காலத்தில் அவளுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. தொற்றுநோய் ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே இருந்தது. பிள்ளையைக் கேட்டில் வாங்கிக்கொண்டார்கள். பெற்றவர்களை வார்டுக்குள் விடுவதில்லை என்றார்கள். அப்பா எவ்வளவோ கெஞ்சினார். அவருடைய இந்தியில் கெஞ்சுவதற்கான சொற்கள் குறைவு. வீட்டில் கைக்குழந்தையாகத் தம்பி இருந்ததால் அம்மா அந்தப் பக்கமே வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே மறுநாள் காலையிலும் அப்பாவும் நானும்தான் போனோம். எனக்கு வேலை மொழிபெயர்ப்பது. அப்பாவுக்கு வேலை, கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. மழை வந்தபோது என்னைக் காவலாளியின் கூண்டுக்குள் தள்ளிவிட்டு அவர் அங்கேயே நின்றார். உள்ளே இருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. கட்டடம் அவ்வளவு தள்ளி இருந்தது.

மதியத்துக்குப் பிறகு ஒரு நர்ஸ் குடையோடு வந்தாள். அப்பாவிடம் இந்தியில் இரண்டே சொல் சொன்னாள். அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பிறகு என் பக்கம் குனிந்து, ஆறுதலாக இருக்கட்டும் என்றோ என்னவோ, மராத்தியில் நிறையச் சொன்னாள். காலையிலிருந்து குழந்தை அப்பா, அப்பா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்ததாம். வந்த மறுநாளே எப்படிப் பெயரைத் தெரிந்துகொண்டது என்று எல்லோருக்கும் ஆச்சரியமாம். தனியாக விடவில்லை, கடைசிவரை அப்பா அவள் பக்கத்திலேயே இருந்தார் என்றாள்.

நான் அப்படியே தமிழில் சொன்னேன். "கடைசி வரைக்கும் அப்பா பக்கத்துலயே இருந்தாராம்பா."

அவர் என்னைப் பார்த்தார். மழைநீர் அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

"எந்த அப்பா?" என்றார்.

நான் கேட்டேன். நர்ஸ் திரும்பி, வராந்தாவில் துடைப்பக் கட்டையோடு நின்ற கிழவரைக் காட்டினாள். வார்டைத் துடைப்பவர். டாக்டர்கள் உட்பட எல்லோருக்கும் அவர் அப்பாதான். குழந்தை அவரைத்தான் தேடுகிறது என்று நினைத்து, வேலையை நிறுத்தச் சொல்லிக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

இப்போது கேட்டைத் திறந்துவிட்டார்கள். அப்பா முதலில் அந்தக் கிழவரிடம்தான் போனார். பெரிய சண்டை வரப்போகிறது என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினேன். அப்பா தன் உடைந்த இந்தியில், அவள் கண் திறந்திருந்ததா என்று மட்டும் கேட்டார். கிழவர் இல்லை என்று தலையாட்டினார். காய்ச்சலில் கண் மூடியே கிடந்தாள், கூப்பிட்டபோதெல்லாம் நான் "ஓ" என்றேன், அவள் பாஷை எனக்குத் தெரியாதே, வேறென்ன சொல்வது என்றார். யாராவது கூப்பிட்டால் மராத்திக்காரர்கள் ஓ என்றுதான் பதில் கொடுப்பார்கள். குழந்தை என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை என்று சொல்லித் தன் விரலையும் காட்டினார். அப்பா அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போனார்.

வீட்டு வாசலில் அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டு போன் வழியாகச் செய்தி முன்பே வந்திருந்தது. அவள் அழவில்லை. கேட்டது இதைத்தான்:

"என்னங்க, உங்கள உள்ள விட்டாங்களா? கொழந்த யாரையாவது கூப்பிட்டாளா?"

"விட்டாங்க. என்னத்தான் கூப்பிட்டா. பக்கத்துலயேதான் இருந்தேன். என் கட்டைவெரலப் புடிச்சிக்கிட்டே இருந்தா, விடவே இல்ல."

அம்மா அவர் கையை இழுத்து, அந்தக் கட்டைவிரலைத் தன் கண்ணில் வைத்து அழுத்திக்கொண்டாள். அதன் பிறகுதான் அழுதாள்.

பொய் சொன்னால் அடிக்கிற அப்பா அவர். அன்று எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அந்த விரல் அந்தக் கிழவருடையது, மழையில் நின்ற அப்பாவுடையது இல்லை என்று வாய்வரை வந்தது. அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. சொல்லாதே என்று சைகைகூடச் செய்யவில்லை. ஏனோ நானும் சொல்லவில்லை. இப்போது அப்பா அம்மா இருவருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அம்மா அதை நம்பியபடியே போனாள்.

தங்கை போன பிறகு அப்பாவின் காது கூர்மையாகிவிட்டது. நாங்கள் கூப்பிட்டால் இரண்டாவது தடவைக்கு இடம் வைக்கமாட்டார். குளித்துக்கொண்டிருந்தால் இடுப்புத் துண்டோடு, சவரம் செய்துகொண்டிருந்தால் பாதிக் கன்னம் சோப்போடு, எங்கிருந்தாலும் ஓடி வந்து நிற்பார். குடியிருப்பில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். தம்பி கொஞ்சம் வளர்ந்ததும் எங்களுக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆனது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "அப்பா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிடுவோம். செருப்புகூடப் போடாமல் வெளியே வந்து, எங்களைத் தேடிக் கண்டுபிடித்து, இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவர் திரும்பி உள்ளே போனதும் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். பிறகு மறுபடியும் கூப்பிடுவோம்.