இருநூற்றைம்பது மில்லிகிராம்

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள் எழுத உட்கார்ந்திருக்கிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் இலங்கை மலைநாட்டில், ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். கடைகளில் றாத்தல் நிறையை விட்டுக் கிலோவுக்குப் பழகிக்கொண்டிருந்த காலம். நாலு வயது மகளுக்கு நெஞ்சுச் சளியும் காய்ச்சலும். பதுளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். உறையில் ஆங்கில எழுத்தில் '0.25 ஜி' என்றிருந்தது. கால் கிராம். அந்த அளவு தசமம் எனக்குத் தெரியும்.

அது முடிந்ததும், மீதி நாட்களுக்கான மாத்திரையைத் தோட்டத்து மருந்துச் சாலையில் வாங்கினேன். மத்தியானம் ஒன்றைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்துவிட்டு உறையை மடிக்கும்போதுதான் பார்த்தேன். '250 எம்ஜி'. எம்ஜி என்பது கிராமில் ஏதோ ஒரு தினுசு என்று நினைத்துக்கொண்டேன். கால் எங்கே, இருநூற்றைம்பது எங்கே? மாத்திரையின் நிறமும் வேறு. மகள் தூங்கிவிட்டிருந்தாள். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன்.

தொழிற்சாலையிலிருந்து சாப்பிட வந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"இரநூத்தம்பதா? மாட்டுக்குக் குடுக்கறத மாத்திக் குடுத்துட்டாரா அந்தாளு?" என்றார் பகடியாக. உறைகளைப் பார்த்ததும் முகம் மாறியது. "போய்க் கேளு."

"நீங்க போய்க் கேளுங்க."

"நான் கேட்டா சண்டையாயிரும். நீ போ, பாப்பாவ நான் பாத்துக்கறேன்."

மருந்து கொடுப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் "ஆமாங்க" தவிர நான் பேசியதில்லை. வழியெல்லாம் கேள்வியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓடினேன். அங்கே போனதும் கேட்க வாய் வரவில்லை. இரண்டு உறைகளையும் மேசையில் வைத்து விரலால் காட்டினேன்.

"பயந்து போனியளோ? ரெண்டும் ஒண்டுதான். நிறம் மட்டும் கொம்பனிக்குக் கொம்பனி மாறும்" என்றார்.

"கால் எப்படிங்க இரநூத்தம்பதாகும்?"

"நீங்கள் சட்டை தைக்கிறனீங்கள்தானே. ஒரு மீட்டரில எத்தினை மில்லிமீட்டர்?"

"ஆயிரங்க."

"அப்ப, கால் மீட்டரில?"

என் புது அளவு நாடா கண்ணுக்குள் விரிந்தது. இருபத்தைந்து சென்டிமீட்டர், ஒவ்வொன்றுக்குள்ளும் பத்துச் சின்ன இடைவெளி. "இரநூத்தம்பது" என்றேன்.

"அந்த மில்லிதான் இந்த எம். முன்னுக்கு மில்லி வந்தால் ஆயிரத்தில ஒரு பங்கு. கிலோ வந்தால் ஆயிரம் மடங்கு. மீட்டரெண்டாலும் கிராமெண்டாலும் அது மாறாது." பிறகு கேட்டார், "வீட்டில ஆள் என்ன சொன்னவர்?"

"மாட்டு மருந்துன்னாருங்க."

"மாட்டுக்கு இது காணாது எண்டு சொல்லுங்கோ."

சிரித்துவிட்டேன். அவர் முன்னால் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

திரும்பும்போது பாதையில் பனி இறங்கியிருந்தது. மெதுவாகவே நடந்தேன். ஒரு கிலோ மாவு ஆயிரம் கிராம், ஒரு கிராம் ஆயிரம் மில்லிகிராம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது. எதிரே விறகோடு வந்த அடுத்த லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்ணிடம் நானாகவே பேச்சுக் கொடுத்தேன். அவள்தான் திகைத்து நின்றாள்.

வீட்டில் மகள் விழித்து, அப்பா மடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். அவர் வேலைக்குத் திரும்பவில்லை.

"என்னா சொன்னாரு?"

"மாட்டுக்கு இது பத்தாதாம்."

அவர் தலையைப் பின்னால் சுவரில் சாய்த்துக்கொண்டார். பிறகு, "தேத்தண்ணி போடு" என்றார்.

அன்று இரவும் மறுநாள் காலையும் மத்தியானமும் ஒவ்வொரு மாத்திரை கொடுத்தேன். காய்ச்சல் வரவில்லை.