வெர்லின் அடைத்த ஐம்பது தோட்டாக்கள்

வெர்லின் ட்வைட் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் இருபத்தாறு வருடம் தபால்காரனாக இருந்தவன். ஒரு கடிதத்தைக்கூட வீடு மாற்றிப் போட்டதில்லை என்பதைக் கேட்டாலும் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான். ஓய்வு பெற்றதும் கராஜில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, சுட்டுத் தீர்ந்த கைத்துப்பாக்கித் தோட்டா உறைகளில் மறுபடி வெடிமருந்து அடைக்கக் கற்க ஆரம்பித்தான். எல்லாம் மனைவி ஆர்லிஸுக்காக.

ஊர்க் குறிசுடும் சங்கத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தான் அடைத்த தோட்டாவால் அவள் ஒரே ஒரு போட்டியாவது சுட வேண்டும் என்பதுதான் வெர்லினின் ஆசை. அவளோ மசிகிற ஆளில்லை.

"எனக்குப் பத்து விரல் இருக்கு வெர்லின், பத்தும் வேணும். முதல்ல உன் விரலை வச்சுப் பழகிக்கோ."

ஐந்து மாதம் தன் விரலை வைத்தே பழகினான். ஒரு தோட்டாவும் சொதப்பவில்லை. அங்கேதான் தலைக்கனம் ஏறியது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐம்பது உறைகளை மரப்பலகைக் குழிகளில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் மருந்தை அளந்து போட்டுக்கொண்டு வந்தான். பாதியில் போன் அடித்தது. அக்கா. சர்ச் விருந்துக்கு ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்ட கேக்கை யார் செய்வது என்று அரை மணி நேரம் அறுத்துத் தள்ளிவிட்டாள். வேலை நடுவில் எழுந்துபோனால் மருந்தையெல்லாம் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும், குண்டு வைக்குமுன் டார்ச் அடித்து ஒவ்வொரு உறைக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டும். முதல் நாளே படித்த விதி. இந்த மகானுபாவன் பார்த்தானா? எந்தக் குழியில் விட்டேன் என்று எனக்கா தெரியாது என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். ஐம்பதுக்கும் குண்டை வைத்து அழுத்தி, பெட்டியில் அடுக்கி, மேலே பெயரும் தேதியும் எழுதி ஒட்டினான்.

சனிக்கிழமை காலை போட்டி. ஆர்லிஸ் தான் கடையில் வாங்கிய தோட்டாவை ஒதுக்கிவிட்டு அவன் பெட்டியைத் திறந்தாள்.

"இன்னைக்கு உன்னோடதைத்தான் சுடப்போறேன்."

வெர்லினுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் ஐந்து தோட்டாக்களைத் துப்பாக்கியில் போட்டுச் சுடும் கோட்டுக்கு வந்து நின்றபோதுதான் பாழாய்ப்போன ருபார்ப் நினைவுக்கு வந்தது. மருந்தில்லாத தோட்டா ஒன்று இருந்தால் போதும், அடியிலுள்ள பொட்டு மட்டும் வெடித்து, குண்டு குழாய்க்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். ஆர்லிஸின் கையில்.

"சுடாதே ஆர்லிஸ்! கீழே வை!"

கோடே ஸ்தம்பித்தது. போட்டியை நடத்தும் டுவேன் ஓடிவந்தான். வெர்லின் அத்தனை பேர் முன்னாலும் சொன்னான்:

"நடுவுல போன் வந்துச்சு. எதுல விட்டேன்னு சரியாத் தெரியலை. டார்ச் அடிச்சும் பாக்கலை."

"ஒரு லெட்டர்கூட மாறினதில்லைன்னு இருபத்தாறு வருஷமா எங்க காதுல ரத்தம் வர வச்சியேடா!" என்றான் டுவேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆனாலும் ஆளாளுக்குத் தங்கள் வண்டியிலிருந்து தோட்டா பிரிக்கும் சுத்தியலை எடுத்து வந்தார்கள்; அதன் தலைக்குள் தோட்டாவைப் பூட்டித் தரையில் தட்டினால் குண்டு கழன்றுவிடும். காபி பிளாஸ்க்குகளை நகர்த்திவிட்டு, சாப்பாட்டு மேசைப் பக்கத்துச் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து டங் டங்கென்று தட்டினார்கள். தட்டத் தட்டக் குண்டு ஒருபக்கம், மருந்து ஒருபக்கம். கேலியும் அதே வேகத்தில் கொட்டியது.

முப்பத்தேழாவது உறையில் மருந்து கொட்டவில்லை. ஒரு துகள்கூட இல்லை.

சிரிப்பு நின்றது. வெர்லின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். மிச்சத்தையும் பிரித்து முடித்தபின் ஆர்லிஸ் கடைத் தோட்டாவால் சுட்டு, வழக்கம்போல ஜெயித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அடுத்த சனிக்கிழமைக்கு அம்பது அடைச்சு வை. போனை வீட்டுக்குள்ள வச்சுட்டுப் போ."

"இதுக்கப்புறமும் என்னை நம்புறியா?"

"காலையில நம்பிக்கையில எடுக்கலைடா கிறுக்கா. உன் மூஞ்சி வாடுதேன்னு எடுத்தேன். இப்பதான் நம்புறேன்."

அவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, காலிப் பெட்டியின் மேல் பழைய தேதியை அடித்து அடுத்த சனிக்கிழமையின் தேதியைப் போட்டாள். கீழே எழுதினாள்: 'ஆர்லிஸுக்கு. வேறு யாரும் தொடக்கூடாது.'