அக்கா எதையும் தூக்காத நாட்கள்

என் அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறாள். ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்துத் தோள்வலி வந்தபோது, யாரோ சொன்னார்களென்று ஜிம்முக்குப் போனாள். தோள்வலி போய்விட்டது, ஜிம் போகவில்லை. நாற்பதைத் தாண்டிய வயதில் தன்னைப்போல் இரண்டு மடங்கு எடையைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்தாள். டிப்போவில் அவளுக்குப் பெயர் புல்டோசர். அப்படிக் கூப்பிட்டால் கோபிக்க மாட்டாள். திரும்பிப் பார்த்து, "எத இடிக்கணும்?" என்பாள்.

என் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிரித்துவிட்டன. "என்னோடதுல ஒண்ணு எடுத்துக்கோ" என்றாள் அக்கா, பேனா இரவல் தருவதைப்போல. ரத்த வகை பொருந்தியது. அவளுடைய சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைதான் பாக்கி.

அதில் கோட்டை விட்டாள். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு அதிகம், ஈரல் நொதிகளும் எகிறிக் கிடந்தன. "இப்படி இருந்தா உங்ககிட்டேர்ந்து எடுக்க முடியாதும்மா" என்றார் டாக்டர். அக்காவின் முகம் செத்துப்போனது. அப்படியொரு முகத்தை அவளிடம் நான் பார்த்ததே இல்லை.

டாக்டர் அவள் உள்ளங்கைக் காய்ப்பைப் பார்த்தார். "டெஸ்டுக்கு முந்தின நாள் என்ன பண்ணீங்க?"

"ஜிம்முக்குப் போனேன். நாளைக்கு டெஸ்டாச்சே, உடம்பு ஜோரா இருக்கணும்னு இதுவரைக்கும் தூக்காத எடையத் தூக்கினேன். தசை ஏற ஜிம்முல குடிக்கிற கிரியேட்டின் பவுடரும் ஒரு ஸ்பூன் கூடவே போட்டுக் குடிச்சேன்."

பரீட்சைக்கு விழுந்து விழுந்து படித்த பிள்ளையைப்போலச் சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

அந்தப் பவுடரும், பெருத்த தசையும் கிரியேட்டினினைக் கூட்டிக் காட்டுமாம். மிஞ்சித் தூக்கினால் தசை நொந்து, ஈரலில் இருப்பதைப்போலவே அதிலும் இருக்கிற நொதிகள் ரத்தத்தில் கலந்துவிடுமாம். ஆனால் சிறுநீரகமே பழுதானாலும் கிரியேட்டினின் ஏறத்தான் செய்யும்.

"எதனாலன்னு இப்ப சொல்ல முடியாது. ரெண்டு வாரம் பவுடர் வேண்டாம், எதையும் தூக்க வேண்டாம். மறுபடி பாப்போம்."

"எதையுமா?"

"எதையும்."

அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். காய்கறிப் பையைக்கூடத் தொடவில்லை. என் வீட்டுக்கு வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். "டேய், அந்த நாற்காலிய இப்படிப் போடு" என்பாள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிற நான் பை சுமக்க, புல்டோசர் வெறுங்கையோடு கூட நடந்தது. தெருவே அவளை முறைத்தது.

"பாக்கறவங்க என்னை என்ன நெனப்பாங்க" என்று பல்லைக் கடித்தாள்.

"தம்பிக்கு இன்னும் தெம்பு இருக்குன்னு நெனப்பாங்க" என்றேன். அவள் சிரிக்கவில்லை. ராத்திரியில் தூக்கமே வருவதில்லை என்று அப்போதுதான் சொன்னாள்.

மறுபரிசோதனையின் முடிவு வந்த அன்று, டாக்டரின் அறைக்குள் போக எனக்குத் தைரியமில்லை. அவள் மட்டும் போனாள். தண்ணீர் பாட்டிலும் பழைய ரிப்போர்ட்டுகளும் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

கதவு திறந்தது. அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து, பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அக்கா வந்து அதை என் கையிலிருந்து பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நடடா" என்றாள்.